வளையும் பொம்மைகள்

புகைக்குழாயைச் சுத்தம் செய்வதற்காகப் பைப் கிளீனர் வாங்கிய ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. நான் அறிந்தவரை அதை வாங்குபவர்கள், பள்ளிக் கைவேலைக்குப் பொருள் தேடி இரவு எட்டு மணிக்குக் கடை கடையாக ஏறி இறங்கும் பெற்றோர்தாம். 2019இல், மகளின் இழுப்பறையில் மிஞ்சிக் கிடந்த ஒரு கட்டை எடுத்து நான் பொம்மை செய்யத் தொடங்கியபோது எனக்கு வயது நாற்பத்தெட்டு. வங்கியில் கடன் பிரிவில் வேலை. மாலையில் வீடு திரும்பி, முகம் கழுவிவிட்டு, ஓர் ஆண்பிள்ளை பொம்மை செய்ய உட்கார்வதை வீட்டில் யாரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. அம்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. அப்போது அவள் எதைப் பற்றியுமே கேட்காமல் இருந்தாள்.

அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு பதினைந்து நாளில் திரும்பிவிட்டது. காலும் மெல்ல நடைக்கு வந்தது. வலக்கை மட்டும் முழங்கையில் மடிந்து நெஞ்சோடு ஒட்டி, விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு, அப்படியே நின்றுவிட்டது. பயிற்சி தர வந்தவர் மணிகளைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடச் சொன்னார். நாற்பது வருடம் கண்ணை மூடிக்கொண்டு மல்லிகை தொடுத்த கை அது. “என்னைப் பாலர் வகுப்புல சேத்துட்டீங்களாடா?” என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள். சிதறிய மர மணிகளைக் கட்டிலுக்கடியிலிருந்து பொறுக்கி எடுத்தபோதுதான், ஒவ்வொன்றும் ஒரு தலைபோல இருப்பதைக் கவனித்தேன்.

செய்முறை எளிது. இரண்டு மெல்லிய கம்பிகளை முறுக்கும்போது இடையில் இழைகளைச் சிக்கவைத்துச் செய்வதுதான் இந்தக் கம்பி. நீளம் ஏறக்குறைய 30 செ.மீ. இதை நடுவில் மடித்து, மடிப்பை நசுக்கி, மணியின் துளையில் நுழைத்தால் தலை. கழுத்துக்குக் கீழே, பாதியாக வெட்டிய இன்னொரு கம்பியை ஒரு சுற்றுச் சுற்றினால் கைகள். இடுப்புவரை முறுக்கி, மிஞ்சியதைக் கால்களாகப் பிரிக்க வேண்டும். நுனிகளை ஒரு செ.மீ. மடக்கிவிட மறக்கக்கூடாது, வெட்டிய முனை ஊசியைவிட மோசமாகக் குத்தும். பிறகு உடல் முழுவதும் எம்பிராய்டரி நூலை நெருக்கமாகச் சுற்றவேண்டும். உண்மையில் இந்தச் சுற்றுதான் பொம்மை. அதற்கு முன்புவரை அது வெறும் கம்பி. ரவிக்கைத் துணியின் ஓரத்தில் புடவை. முகம் நான் வரைவதில்லை. வரைந்து பார்த்தேன், எல்லோரும் எதையோ திருடிவிட்டவர்கள்போல் விழித்தார்கள்.

எதையாவது தொடங்கினால் அதன் ஊர், பேரைத் தேடிப் போகும் வழக்கம் எனக்குண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் ஸ்டெட்மன், ஏஞ்சல் என்ற இருவர் உருவாக்கியதாம் இது. கைவேலைக்காரர்கள் ‘செனில்’ என்கிறார்கள். பிரெஞ்சில் அதற்குக் கம்பளிப்பூச்சி என்று பொருள். இது தெரியாமலேயே அம்மா முதல் நாள் கட்டைப் பார்த்துவிட்டு, “எதுக்குடா இத்தனை கம்பளிப்பூச்சி?” என்றாள். பல நாட்களுக்குப் பிறகு அவள் கேட்ட முதல் கேள்வி அது. ஜப்பானில் இதன் பெயர் ‘மோரு’. முகலாயரைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. முகலாயர் நாட்டுச் சரிகைத் துணிக்கு வழங்கிய பெயர், பல வேடம் மாறி, இந்தக் கம்பியில் வந்து நின்றிருக்கிறது.

என் பொம்மைகள் நிற்கவில்லை. தலை கனத்து முன்பக்கம் விழுந்தன. பெர்லினில் தொழில் தொடங்கி, 1930களில் இங்கிலாந்துக்கு இடம்பெயர்ந்த மார்கரேட் கோன் என்பவர் ‘கிரெகான்’ என்ற பெயரில் கம்பியும் நூலும் கொண்டு செய்த பொம்மைகளைப் படங்களில் பார்த்தேன். அவற்றின் பாதங்கள் உலோகத்தாலானவை. எனக்கு அந்த வசதி இல்லாததால் பாதங்களை வளையமாகச் சுருட்டி ஓர் அட்டையில் தைத்துவிட்டேன். நின்றன, ஆனால் நடக்கும் உரிமையை இழந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சுற்றிய நூல் தளர்ந்திருப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், அம்மா இடக்கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். வலக்கையின் சுருண்ட விரல்களுக்குள் பொம்மையின் கால்களைச் செருகி, இடக்கையால் நூலைச் சுற்ற ஆரம்பித்தாள். வலக்கையைச் சுழல வைக்கத்தான் நாங்கள் இரண்டு மாதமாகப் போராடிக்கொண்டிருந்தோம். அவளோ அதற்குப் பிடித்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்துவிட்டாள். இறுக்கம் பூத்தொடுப்பவளின் இறுக்கம். என் பொம்மைகள் அதன் பக்கத்தில் நோயாளிகள்போல் இருந்தன. நவராத்திரிக்குள் பதினொன்று செய்தோம்.

கம்பிக்கு ஒரு குணம் உண்டு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடக்கினால் அந்த இடம் கெட்டிப்பட்டு, ஒரு நாள் சத்தமில்லாமல் முறிந்துவிடும். மகள் விளையாடிய பையன் பொம்மைக்கு முழங்கால் அப்படித்தான் போயிற்று. அம்மாவின் கையையோ தினமும் மடக்கி நீட்டினால்தான் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து செய்யும்போது சில சமயம் எனக்குக் கை நடுங்கியிருக்கிறது.

கொலுவில் மண் பொம்மைகள் படிகளில். எங்களுடையவை கீழே, தெருவாக. பூக்காரி, பெஞ்சில் இருவர், கயிறு தாண்டும் பிள்ளைகள். ஓரத்தில், அட்டையில் தைக்காமல் சுவரில் சாய்த்து, அம்மா தனியாகச் செய்த ஒன்று: மாம்பழ நிறப் புடவை, வலக்கை மடிந்து நெஞ்சில். இரவு எல்லோரும் தூங்கியபின் அந்தக் கையை நீட்டிவைத்தேன். காலையில் மடங்கியிருந்தது. மறுநாளும் அப்படியே. நானும் அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்றாம் நாள் விட்டுவிட்டேன்.

விஜயதசமி இரவு மரப்பாச்சியைப் படுக்கவைத்த பிறகு, “இதுங்களையும் படுக்கவை, இதுங்களுக்குத்தான் வளையுமே” என்றாள். பதினொன்றையும் கிடத்தினேன். மாம்பழப் புடவைக்காரியின் கையை மட்டும் நீட்டிக் கிடத்தினேன்.

“ஏன்டா?”

“தூக்கத்துல உன் கை தளர்ந்துடும்மா. விரலெல்லாம் விரிஞ்சு கிடக்கும். நான் தினமும் பாக்கறேன்.”

அவள் தன் கையைப் பார்த்தாள். வெகுநேரம் கழித்து, “ஒரு நாள் என்னை எழுப்பிக் காட்டேன்” என்றாள். எழுப்பினால் மூடிக்கொள்ளும் என்பதை நான் சொல்லவில்லை. “சரிம்மா” என்று விளக்கை அணைத்தேன்.