கோள்நிலை காணும் கணினிக் கருவி

பிரதோஷமும் மகாசிவராத்திரியும் திதி பற்றியன; திருவாதிரைத் தரிசனம் நட்சத்திரம் பற்றியது. இரண்டிற்கும் திங்களின் நிலையைப் பிழையறக் காண்டல் வேண்டும்.

1825-ஆம் ஆண்டிற் புதுச்சேரியில் தமிழ்க் கணிதர் ஒருவர், நிலத்திற் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாய்க் கொண்ட வாய்பாடுகளாற் சந்திரகிரகணம் கணித்தமையை வாரன் என்பார் எழுதிவைத்தனர். அக் கணிப்பில் தொடக்கம் 4 நிமிடமே பிழைத்தது. முடிவோ 52 நிமிடம் பிழைத்தது.

இன்று அத்தொழிலைக் கணினி செய்கின்றது. வானத்தோற்றத்தை வரைந்து காண விழைவார்க்கு ஸ்டெல்லேரியம் சாலும். பஞ்சாங்கம் கணிப்பார்க்கு 1997-இல் வெளிவந்த ஸ்விஸ் எபிமெரிஸ் ஏற்புடைத்து. அஃது அமெரிக்க ஜே.பி.எல். ஆய்வுநிலையத்தார் கணித்த கோள்நிலைகளை அடிப்படையாகக் கொண்டது.

அற்றேல், நல்ல கருவியைக் கொண்ட இருவர் ஒரே நேரம் காண்பரோ எனின், திதியிற் காண்பர்; நட்சத்திரத்திற் காணாமலும் போவர். என்னை? திதி ஞாயிறு திங்கள்களின் இடைத்தொலைவாதலின் அயனாம்சம் இரண்டினும் ஒத்துக் கழிந்துபோம். நட்சத்திரத்திற்கு அது கழியாது. லாகிரி அயனாம்சத்தினும் இராமன் அயனாம்சம் ஏறக்குறைய ஒன்றரைப் பாகை குறைந்தது. திங்கள் அத்துணைத் தொலைவு செல்ல ஏறத்தாழ இரண்டரை மணிநேரமாம். அவ்வளவில் திருவாதிரை முன்னாளினின்று பின்னாளுக்கு மாறுதலும் கூடும்.

ஆகலின், கருவியைத் தெரிவார் முதலில் நிகழ்ந்து முடிந்த கிரகணம் ஒன்றைக் கணித்து, அதன் நேர்மையைச் சோதித்துக்கொள்க. பின்னர்த் தாம் கொண்ட அயனாம்சம் இன்னதென்று பஞ்சாங்க முகப்பில் எழுதுக. எண்ணைக் கருவி தரும். அளவையைத் தெரிந்து கொடுத்தல் கணிப்பார் கடனேயாம்.