நாற்பது சுற்றுக்கு ஒரு சுற்று

துறைமுகத்தில் கிளியரிங் ஏஜெண்டாக இருக்கும் நண்பர் ஒருவர்தான் இந்த வேலையைப் பற்றி முதலில் சொன்னார். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-இல் 70 ஆனது என்று கணக்குச் சொல்லிக்கொண்டு வந்தவர், பேச்சுவாக்கில், “நம்ம ஊர்லயே ஒரு பையன் பாறையில ஏறுத ரிமோட் லாரி செய்யுதான் அண்ணாச்சி. பொம்மைன்னு மட்டும் சொல்லிராதீங்க, கோவப்படுவான்” என்றார்.

தோணி, உப்பளம், சங்குகுளி என்று எழுதியே தூத்துக்குடியைத் தீர்த்துவிட்டோம் என்ற சலிப்பு எனக்கு ரொம்ப நாளாக உண்டு. முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. ஆனாலும் இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் முத்தை விடுவதாக இல்லை. ஒரு மாறுதலுக்கு லாரியைப் பார்ப்போமே என்று கிளம்பினேன்.

துறைமுகச் சாலையில் இரண்டு பக்கமும் உப்பளம், நடுவே டிரெய்லர் வரிசை. அந்த டிரெய்லர்களைப் பழுது பார்க்கிற பட்டறை ஒன்றில்தான் லாரி செய்கிறவர் பகலில் ஃபிட்டர். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். பெயர் போட வேண்டாம் என்றார், ராத்திரி வேலை முதலாளிக்குத் தெரியாதாம். நான் தம்பி என்றுதான் கூப்பிட்டேன், அப்படியே எழுதுகிறேன். முத்தையாபுரத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. மேசைமேல் சின்ன லேத், பக்கத்தில் ஒரு டிரில், சுவரில் அளவு வாரியாக அரங்கள். எல்லாமே பழைய சாமான் கடையில் வாங்கி ஓட வைத்தவை.

வண்டியை முதலில் வேலை செய்யுமிடத்தில் பார்த்துவிடுங்கள் என்று கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அலை தடுக்கக் கொட்டியிருந்த கருங்கற்கள் மேல் அதை இறக்கி வைத்தார். பழைய காலத்து மூக்கு லாரி மாதிரி பாடி, பத்தில் ஒரு பங்கு அளவு, ஒன்றரை அடிக்குச் சற்று மேல் நீளம், கிட்டத்தட்ட மூன்று கிலோ கனம். ரிமோட் கார் என்றால் சர்ரென்று பறக்கும் என்று நினைத்துச் சுற்றிக் கூடிய சிறுவர்கள் ஏமாந்துபோனார்கள். இது நடக்கிற மனிதனைவிட மெதுவாகப் போகிறது. ஒரு கல்லின் விளிம்பில் முன்சக்கரத்தை வைக்கிறது, ரப்பர் கல்லைக் கவ்வி அமுங்குகிறது, வண்டி சாய்கிறது, இப்போது விழப்போகிறது என்று நாம் நினைக்கும் இடத்தில் அப்படியே நிற்கிறது. பிறகு மெல்ல மேலே போகிறது. கொஞ்ச நேரத்தில் சிறுவர்கள் எல்லாரும் குந்தி உட்கார்ந்து வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

வ.உ.சி. துறைமுகம் 1974-இல் நாட்டின் பத்தாவது பெருந்துறைமுகமானது. கல்லைக் கொட்டிக் கட்டிய அதன் அலைதடுப்புகள் இரண்டும் தலா ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் கடலுக்குள் நீள்கின்றன. பாறை ஏறும் வண்டிக்கு இந்தியாவிலேயே அதைவிடத் தோதான மைதானம் கிடைக்குமா என்று தெரியவில்லை. உள்ளேதான் விட மாட்டார்கள். தம்பி அந்தத் திசையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

இந்த விளையாட்டின் பூர்வீகம் அமெரிக்கா. கலிபோர்னியாவில் ரூபிகான் தடம் என்கிற பாறைப் பாதையில் ஜீப்புகளை ஏற்றி இறக்குவார்கள். அதைச் சிறிய அளவில் செய்து பார்க்கும் பழக்கம் வளர்ந்து, ஆக்சியல், டிராக்சாஸ் போன்ற நிறுவனங்கள் முழு வண்டியாகவும் உதிரியாகவும் விற்கின்றன. இங்கே செய்கிறவர்கள் இதைக் ‘கிராலர்’ என்றுதான் சொல்கிறார்கள். கடையில் வாங்கியதை அப்படியே ஓட்டுகிறவரை இவர்கள் மதிப்பதில்லை. ஒவ்வொரு வண்டியும் ஒரு கல்லுக்கு, ஒரு ஆளுக்கு என்று கட்டப்பட வேண்டும்.

கொட்டகைக்குத் திரும்பியதும் அடிவயிற்றைப் பிரித்துக் காட்டினார். மோட்டார் சின்னது. அதில் செம்புக் கம்பிச் சுற்று அதிகம், அதனால் வேகம் குறைவு, இழுவை கூடுதல். அதற்குப் பிறகு பல்சக்கரங்கள். மோட்டார் நாற்பது சுற்றுச் சுற்றினால் டயர் ஒரு சுற்று. “அவசரப்பட்டா கல்லு ஏத்தாது அண்ணாச்சி. கல்லுக்கு நாமதான் நேரம் கொடுக்கணும்” என்றார்.

அடுத்தது கிரௌன். டிரெய்லர் பட்டறையில் அவர் தினமும் பிரிக்கிற அதே சாமான்தான். லாரி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கம் குறைவாக. அந்த வித்தியாசத்தைப் பங்கிட்டுக் கொடுக்கத்தான் கிரௌனுக்குள் இருக்கும் பல்சக்கரக் கூண்டு. ஆனால் ஒரு சக்கரம் சேற்றிலோ அந்தரத்திலோ இருந்தால், பிடி கிடைக்காத அந்தச் சக்கரம் மட்டும் சுற்றும், பிடி உள்ள சக்கரம் சும்மா நிற்கும். உப்பளச் சேற்றில் லாரியை இறக்கிய எந்த டிரைவருக்கும் இது தெரியும். பாறையில் எப்போதும் ஒரு சக்கரம் அந்தரத்தில்தான். அதனால் கிராலருக்கு அந்தக் கூண்டே கிடையாது. உருக்கில் ஒரே கட்டியாகக் கடைசல் பிடித்து இரண்டு பக்கத்தையும் பூட்டிவிடுகிறார். நான்கு சக்கரமும் எப்போதும் சேர்ந்தே சுற்றும். சிமெண்டுத் தரையில் திருப்பினால் டயர் கிறீச்சிடும், வட்டம் பெரிதாகும். அது குற்றமில்லை, பேரம்.

கனத்தை எங்கே வைப்பது என்பதுதான் அவர் அதிகம் பேசியது. செங்குத்தாக ஏறும் வண்டி பின்னால் மல்லாக்க விழப் பார்க்கும். கனம் கீழேயும் முன்னாலேயும் இருந்தால்தான் நிற்கும். வெளிநாட்டில் இதற்கென்றே பித்தளைத் துண்டுகள் விற்கிறார்கள். தம்பி பழைய இரும்புக் கடையில் விசைப்படகு ஷாப்டின் தேய்ந்த கன்மெட்டல் புஷ்களைப் பொறுக்கி வாங்குகிறார். கடலில் கிடந்ததால் மேலெல்லாம் பச்சை. லேத்தில் போட்டு ஒரு சுற்று இழுத்ததும் உள்ளே தங்க நிறம். அதைச் சக்கரத்துக்குள்ளும் முன் ஆக்சில் முட்டியிலும் மாட்டுகிறார்.

இந்த இடத்தில்தான் தோணி ஆசாரி வருகிறார். நான் தப்பித்து வந்த தோணி விடவில்லை. மர பாடி கேட்கிறவர்களுக்கு அதைச் செய்து கொடுப்பவர், பழைய துறைமுகப் பக்கம் தோணி கட்டி வயதான ஒருவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகிற தோணிகளுக்கு வங்கு வைத்துப் பலகை அடித்த கை. புதுத் தோணி வேலை அபூர்வமாகிவிட்டதால் வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஐனிப் பலகைத் துண்டை இரண்டு மில்லிமீட்டருக்கு இழைத்துக்கொண்டிருந்தார். தம்பி அவரை மாமா என்கிறார். பித்தளை விஷயத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் நிமிரக்கூட இல்லை.

“அடிபாரம் போடுதான். அவ்வளவுதான். தோணிக்கும் அதான். மேல கனம் ஏத்துனா கவுந்துரும். இவன் என்னமோ புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி பேசுவான்.”

“மாமா, ஒங்க பலகை ரெண்டரை மில்லி இருந்துச்சு போன தடவை. அதைச் சொல்லுங்க மொதல்ல” என்றார் தம்பி.

“வயசானவன் கண்ணுக்கு அரை மில்லி ஒரு கணக்காலே?”

பெரியவர் சொன்னதை, பட்டம் வாங்கியவர்கள் ஈர்ப்பு மையம் என்பார்கள். பாடி லேசாக இருக்க வேண்டும் என்பதற்காக மரம் கேட்காதவர்களுக்குத் தம்பி ஃபோம் ஷீட்டில் வெட்டி ஒட்டுகிறார். தமிழ்நாட்டில் அரசுப் பேருந்து மாதிரி மினியேச்சர் செய்கிற பையன்கள் பலரும் பயன்படுத்தும் அதே பலகை. முப்பரிமாண அச்சில் எடுத்த சாதாரண பிளாஸ்டிக்கை அவர் தொடுவதில்லை. அறுபது டிகிரிக்கே இளகிவிடும், வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் வண்டி அப்பளமாகிவிடும் என்றார்.

வயரிங், ரிசீவர், கண்ட்ரோலர் இவற்றையும் விளக்கினார். எனக்கு ஏறவில்லை, உங்களையும் அலுக்க வைக்கப்போவதில்லை. ஒன்று மட்டும் பிடிபட்டது. விசையை விட்டதும் மோட்டாரே பிரேக்காக மாறிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறது. கல் விளிம்பில் வண்டி அசையாமல் நின்ற ரகசியம் அதுதான்.

உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஊர்க் காற்றில் சாதாரண பேரிங் துருப்பிடித்துவிடும். அவர் ரப்பர் மூடி போட்ட பேரிங்தான் போடுகிறார், ஸ்குரு எல்லாம் ஸ்டெயின்லெஸ். அப்பா உப்பு லாரி டிரைவர். உப்பு மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு இரும்புத் தளம் நிற்காது, பலகைதான் தாங்கும் என்று அப்பா சொல்லிக் கேட்டே வளர்ந்தவர். பள்ளி விடுமுறையில் கிளீனர் பையனாக அந்த லாரியில் ஏறித் தமிழ்நாட்டைப் பாதி பார்த்துவிட்டார். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தார். பட்டறை வேலை கிடைத்தது. கைப்பேசியில் யாரோ அனுப்பிய வீடியோவில் கிராலரைப் பார்த்தார், தூக்கம் போனது. முழு வண்டி வாங்கக் காசில்லை. ஆக்சில் ஒரு ஜோடி மட்டும் வரவழைத்தார், மீதியைத் தானே செய்தார். முதலில் கட்டியது அப்பாவின் லாரி. அப்பா அதைப் பார்த்துவிட்டு, கேபினில் சாமி படம் இல்லையே என்று மட்டும் கேட்டாராம்.

இனி பணம். மோட்டாரும் கண்ட்ரோலரும் டயரும் வெளிநாட்டுச் சரக்கு. பெருநகர வியாபாரிகள் வழியாகத்தான் அவருக்கு வருகின்றன. மிருதுவான ரப்பர் டயரை இங்கே ஊற்றலாம், ஆனால் ஒரு அச்சுக்கு ஆகும் செலவில் அவர் பல வண்டி கட்டிவிடுவார். ஆக, உதிரி விற்பதும் வியாபாரி, முடிந்த வண்டியை வாங்குவதும் அவரே. இரண்டு முனையிலும் ஒரே ஆள் உட்கார்ந்திருந்தால் நடுவில் இருப்பவன் கதி என்ன? தம்பி கட்டிய வண்டி ஒன்றை அப்படி ஒரு வியாபாரி தன் பட்டறைத் தயாரிப்பு என்று வீடியோ போட்டு, கொடுத்த விலைக்கு இரண்டு மடங்குக்கு மேல் விற்றிருக்கிறார். பணம் வர மாதக்கணக்கு. கேட்டால், “பெயிண்ட் சரியில்லேன்னு கஸ்டமர் சொல்றார்” என்று பதில். எத்தனையோ தொழிலில் பார்த்துச் சலித்த கதை. உப்பளத்தில் வெயிலில் வெந்தவனுக்கு உப்பு விலை தெரியாது, தெரிந்தவன் வெயிலில் நின்றதில்லை.

சட்டமும் இவரைக் கண்டுகொள்ளவில்லை. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினைத் துறையில் பதிந்த கைவினைஞர்களுக்கும், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை போன்ற புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்கு கொடுத்தார்கள், நல்லது. லேத்தில் கடைசல் பிடிக்கிறவர் அந்தப் பட்டியலில் எங்கே? களிமண்ணையும் மரத்தையும் தொட்டால் கைவினை, இரும்பைத் தொட்டால் வெறும் பட்டறை வேலை. அந்த ஆணை 14 வயதுக்குட்பட்டவர்கள் விளையாடும் பொருளுக்குத்தான் என்பதால், தம்பி பெட்டியின்மேல் ‘14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு’ என்று எழுதி ஒட்டுகிறார். எழுபது சதவீத வரி உள்ளூர்த் தயாரிப்பாளரைக் காப்பாற்ற வந்தது. அது காப்பாற்றியது கிடங்கு வைத்திருப்பவரை என்பது என் அபிப்பிராயம்.

எனக்குக் கோபம் வந்த அளவுக்கு அவருக்கு வரவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தார். எழுத்துப் பஞ்ச், எண் பஞ்ச். டிரெய்லர் சேஸில் எண் குத்துவதற்குப் பட்டறைகளில் வைத்திருப்பதுதான், இது அதில் மிகச் சின்ன அளவு. ஆரம்பத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைச் சேஸின் வெளிப்பக்கம் குத்தி வந்திருக்கிறார். வியாபாரி அரம் போட்டுத் தேய்த்துவிட்டு விற்றார். அடுத்து உள்பக்கம் குத்தினார், அதையும் தேய்த்தார்கள். அதற்குப் பிறகு கியர்பெட்டிக்குள் இருக்கும் தகட்டில், தன் கைப்பேசி எண்ணின் பத்து இலக்கங்களையும் வரிசையாகக் குத்த ஆரம்பித்தார்.

“விக்கிறவன் பொட்டியைத் தொறக்க மாட்டான் அண்ணாச்சி. வாங்குனவன் தொறந்துதான் ஆவணும். தண்ணியில ஓட்டுனா கிரீஸ் மாத்தணும்லா.”

அப்படித் திறந்து பார்த்த கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் நேராகக் கூப்பிட்டார். அடுத்து பெங்களூரிலிருந்து ஒருவர். இப்போது அவர் கட்டுவதில் சரிபாதி நேரடி ஆர்டர். ஆசாரிக்கும் கூலி அன்றன்றைக்கே போய்விடுகிறது. ஒரு பஞ்ச் பெட்டி, தரகரை இந்த அளவுக்காவது தாண்டியிருக்கிறது.

வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது கப்பல் வாங்குவதோடு வேலை முடியவில்லை. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தபோதும் சுதேசிக் கப்பலில்தான் ஏறுவேன் என்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது. அவர் பெயரைத் தாங்கிய துறைமுகத்துக்கு அருகில் இருக்கும் இந்தக் கொட்டகைக்கும் அப்படிப்பட்ட ஆள்கள்தான் தேவை.

உங்களிடமோ உங்கள் வீட்டுப் பிள்ளையிடமோ கையால் கட்டிய கிராலர் இருந்தால், இந்த வாரமே கியர்பெட்டியைத் திறந்து பாருங்கள். உள்ளே பத்து எண் இருந்தால் அந்த எண்ணைக் கூப்பிட்டு, அடுத்த வண்டியை அவரிடமே சொல்லுங்கள். உதிரிக்கு ஆகும் தொகையை முன்பணமாகக் கொடுங்கள், கடன் வாங்கித்தான் டயர் வாங்குகிறார்.