மண்ணுக்குள் ஒரு கம்பி

சிக்கனம் நற்பண்பு என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் எதில் சிக்கனம் காட்டலாம், எதில் காட்டலாகாது என்று பிரித்தறிவது அத்தனை எளிதன்று. ஏழை எளியோரின் வீட்டு மின் இணைப்புகளைக் காணும்போதெல்லாம் இவ்வெண்ணம் நம் உள்ளத்தில் எழுவதுண்டு.

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட ஊர்களில் வீடு சந்திக்கச் செல்கையில் ஒரு காட்சியை அடிக்கடி காண்கிறோம். முன்பு மாடு கட்டிய கொட்டகையில் இன்று ஆட்டோவோ இருசக்கர வண்டியோ நிற்கிறது. அங்கே வெளிச்சம் வேண்டி, வீட்டுச் சன்னல் வழியாக ஓர் இரட்டை ஒயரை இழுத்து, துணி காயும் கொடியோடு கொடியாகக் கட்டிவிடுகிறார்கள். வெயிலில் காய்ந்து வெடித்த ஒயர் அது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மின்சாரம் திரும்பி வந்த நாளில், நம் பங்கைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் கொட்டகைத் தூணில் உரசிய ஆடு அவ்விடத்திலேயே மாண்டது. தகரக் கூரையில் ஒயர் கசிந்து, இரும்புத் தூண் முழுவதும் மின்சாரம் பாய்ந்திருந்தது. ஆட்டைத் தூக்க ஓடிய மகளைத் தாய் எட்டிப் பிடித்து இழுத்திராவிட்டால் என்னவாகியிருக்கும் என்று எண்ணவும் நெஞ்சம் நடுங்குகிறது.

அதன்பின் உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை அழைத்தார்கள். அவர் எழுதித் தந்த பட்டியலைக் கண்டு குடும்பத்தலைவர் தயங்கினார். "எர்த் வேலையை மட்டும் அப்புறம் பார்த்துக்கலாமா?" என்றார். மின்பணியாளர் நம்மை நோக்கி, "சாமி, லைட்டைக் குறைக்கச் சொன்னா குறைக்கிறேன். எர்த் இல்லாம நான் கை வைக்கமாட்டேன்" என்றார். அச்சொல்லின் உறுதி நம்மைச் சிந்திக்க வைத்தது.

பிறகு செலவு வேறு வழிகளில் குறைந்தது. சுவரைக் குடையாமல் பிவிசி குழாயை வெளியிலேயே பதித்தார்கள். வீட்டிலிருந்து கொட்டகை வரை குழாய் செல்லும் பள்ளத்தைத் தந்தையும் மகனுமே வெட்டினார்கள். இரண்டு விளக்குகளும் ஒரு பிளக்கும் போதுமென்று முடிவு செய்தார்கள். 9 வாட் எல்இடி விளக்குகள் இரண்டு, நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் எரிந்தால், இரண்டு மாதங்களுக்கு நாலரை யூனிட்டுக்கும் குறைவே. பழைய 60 வாட் குண்டு பல்புகள் இரண்டு என்றால் ஏறக்குறைய 29 யூனிட். இவை நல்ல சிக்கனங்கள்.

குறைக்காதவை மூன்று: ஐஎஸ்ஐ முத்திரையுள்ள செம்புக் கம்பி, பச்சை நிற எர்த் கம்பி, மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி. இக்கருவி, போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டேயிருக்கிறது. வீடுகளுக்கான வகை, 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வேறுபாடு கண்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். எர்த் கம்பியோ, தவறிய மின்சாரத்திற்கு மனித உடலைவிட எளிதான வழியொன்றை மண்ணுக்குள் திறந்து வைக்கிறது.

விளக்கு எரிவதை ஊரே பார்க்கும். மண்ணுக்குள் இறங்கிய கம்பியை எவரும் பார்ப்பதில்லை. அதற்காக எவரும் பாராட்டுவதுமில்லை. கண்ணுக்குத் தெரியாததை முதலில் வெட்டுவதே வறுமை நமக்குக் கற்பிக்கும் கணக்கு. ஆனால் ஆபத்து வேளையில் காப்பது அதுவே. குடும்பங்களிலும் அப்படித்தான்: ஆரவாரமின்றி அடுத்தவரின் சினத்தையும் துயரையும் தாங்கிக்கொள்ளும் ஒருவர் இருப்பார், அவர் இல்லாதபோதுதான் வீடு அதிரும்.

அன்பு வாசகர்களே, அடுத்த மழைக்கு முன் உங்கள் வீட்டுக் கொட்டகையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கொடியில் தொங்கும் ஒயர் இருந்தால், மெயினை நிறுத்திவிட்டு, தகுதியுள்ளவரை அழையுங்கள். வசதியில்லாத அண்டை வீட்டாருக்குப் பள்ளம் வெட்ட நம் கைகளேனும் உதவட்டும்.