மலிவு விலை ஒலிவாங்கியும் அம்மாச்சியின் தாலாட்டும்

நல்ல ஒலிவாங்கி வாங்கினால் நல்ல பதிவு வந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி சுவரில் இருக்கிறது, காத்தாடியில் இருக்கிறது, பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிளில் இருக்கிறது.

எனக்கு ஒலிவாங்கி தேவைப்பட்டது பாடகன் ஆவதற்கு அன்று. அம்மாச்சிக்கு 81 வயது. தோட்டத்தில் பால்மரம் சீவியவர். லயத்து வீட்டில் பிள்ளைகளைத் தூங்க வைக்கப் பாடிய தாலாட்டுகள் மூன்று அவருக்கு முழுதாகத் தெரியும். எங்கள் குடும்பத்தில் வேறு எவருக்கும் தெரியாது. கைத்தொலைபேசியில் பதிந்து பார்த்தேன். சொற்கள் கேட்டன. ஆனால் வரியின் முடிவில் அவர் மெல்லத் தேய்த்து இறக்கும் அந்த இழுப்பை, இரைச்சல் என்று நினைத்துத் தொலைபேசியே வெட்டிவிட்டது. அந்த இழுப்பு இல்லாமல் அது என்ன தாலாட்டு?

இந்தச் சமயத்தில்தான் பேரவையின் முன்னாள் அண்ணன் ஒருவர், தம்மிடம் சும்மா கிடந்த ஆடியோ-டெக்னிகா ஏடி2020 கண்டென்சர் ஒலிவாங்கியை 200 ரிங்கிட்டுக்குத் தருவதாகச் சொன்னார். “ஒரு வாரம் வச்சுப் பாரு தம்பி, பிடிச்சா காசு கொடு” என்றார்.

நம் மேடைகளில் கையில் பிடித்துப் பேசுவது பெரும்பாலும் டைனமிக் வகை. காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டது. கண்டென்சர் வேறு மாதிரி. மெல்லிய சவ்வு ஒன்றும் அசையாத தகடு ஒன்றும் நெருங்கி நிற்கும். குரல் பட்டுச் சவ்வு அசைய, இடைவெளி மாறும். அந்த மாற்றமே மின்குறிப்பாகிறது. 1916-இல் பெல் நிறுவனப் பொறியாளர் வென்டி உருவாக்கிய முறை இது. சவ்வு இலேசானது என்பதால் நுண்ணிய ஒலிக்கும் அசைந்து கொடுக்கும். ஆனால் இதற்கு 48 வோல்ட் மின்சாரம் ஊட்ட வேண்டும். அதைத் தரும் ஆடியோ இண்டர்ஃபேஸ் பெட்டிக்கும் தனியே பணம் வேண்டும். ஒலிவாங்கியின் விலையை மட்டும் பார்த்துவிட்டுக் கடைக்கு ஓடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். என்னிடம் அந்தப் பெட்டி முன்பே இருந்தது.

முதல் சோதனை, மௌனத்தைப் பதிவது. அம்மாச்சியின் குரலுக்கு ஏற்ற அளவில் ஒலியை உயர்த்தி வைத்துவிட்டு, எவரும் பேசாமல் ஒரு நிமிடம் பதிந்தேன். ஒவ்வொரு ஒலிவாங்கிக்கும் சொந்த இரைச்சல் ஒன்று உண்டு. இதற்கு 20 டெசிபல். விலை கூடிய ரோட் என்டி1-ஏ ஒலிவாங்கிக்கு 5 டெசிபல். உரக்கப் பாடுகிறவருக்கு இந்த வித்தியாசம் பொருட்டே இல்லை. தாலாட்டுப் பாடுகிறவருக்கு உண்டு. இரண்டடி தள்ளி அமர்ந்து பாடியபோது பின்னால் ‘ஸ்’ என்ற ஒலி தெளிவாகவே கேட்டது. ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டு வந்ததும் குரல் அதை மூடிவிட்டது.

நெருங்கினால் வேறு தொல்லை. அடிக்குரல் தடித்துப் போகிறது. ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று மோதிக் குண்டு வெடிக்கிறது. பூத்தையல் வளையத்தில் பழைய நைலான் காலுறையை இழுத்துக் கட்டி நடுவில் நிறுத்தினேன். செலவில்லாமல் தீர்ந்தது.

அடுத்தது தமிழுக்கே உரிய சோதனை. வாழை, வாளை, பள்ளி, பல்லி என்று வரிசையாக வாசித்தேன். தொலைபேசிப் பதிவில் ழகரமும் ளகரமும் ஒன்றோடொன்று குழம்பியிருந்தன; இதில் தனித்தனியே நின்றன. ‘பல்லி’ என்று நான் சொன்னதும் சுவரில் இருந்த உண்மையான பல்லி ‘உச்’ கொட்டியதும் பதிவாகியிருந்தது. அத்தனை கூர்மை!

அந்தக் கூர்மைதான் சிக்கலும். எங்கள் கூடத்தில் தரை ஓடும் சிமெண்டுச் சுவரும் குரலைத் திருப்பி எறிந்தன. ஆகவே படுக்கையறைக்கு மாறி, அம்மாச்சியின் முதுகுப் பக்கம் மெத்தையைச் சாய்த்து வைத்தேன். எதிரொலி அடங்கியது. வெளிச்சத்தத்தை மெத்தை தடுக்காது. இந்த ஒலிவாங்கியின் பின்புறம் கொஞ்சம் செவிடு என்பதால் அந்தப் பக்கத்தைச் சன்னலுக்குக் காட்டினேன். கூரையில் மழை விழுந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை, காத்திருக்க வேண்டியதுதான். காத்தாடியையும் நிறுத்தியாக வேண்டும்.

“ஏம்ப்பா, ஒரு பாட்டுக்கு இத்தனை புழுக்கமா?” என்று அம்மாச்சி முந்தானையால் விசிறிக்கொண்டார். ஓர் அமர்வுக்கு ஒரு பாட்டு என்று வைத்துக்கொண்டோம்.

ஏழாம் நாள் 200 ரிங்கிட்டைக் கொடுத்துவிட்டேன். 5 டெசிபல் ஒலிவாங்கிக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தால் இன்னும் சில மாதங்கள் ஆகும். அம்மாச்சிக்கு இருமல் கூடிக்கொண்டே வருகிறது. ஒரு சாணுக்குள் அமர்ந்து, அடக்கமான அறையில் பாடினால் இது தாராளமாகப் போதும். நம் நாட்டு ஈரப்பதம் சவ்வுக்கு ஆகாது என்பதால், வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்ட டப்பாவில் மூடி வைக்கிறேன்.

மூன்று தாலாட்டுகளும் பதிவாகிவிட்டன. ஒப்பாரி ஒன்றும் அவருக்குத் தெரியும். “சாவு விழாத வீட்டுக்குள்ள அத பாடக்கூடாதுப்பா, வெளிய ரம்புத்தான் மரத்தடிக்கு வேணும்னா வரேன்” என்கிறார். மரத்தடிக் காற்றுக்கு இந்தக் கண்டென்சர் தாங்காது. பேரவையின் மேடை ஒலிவாங்கியை இரவல் கேட்டிருக்கிறேன்.