தண்ணி தானா இறங்கட்டும்

வெள்ளரிக்காயில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர். தயிரிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். இரண்டையும் சேர்த்துப் பிசைந்து, பாண் துண்டில் தடவினால் வழியாமல் நிற்கிற தொடுகறி ஒன்றைச் செய்ய வேண்டுமென்றால் வேலையில் பெரும்பங்கு தண்ணீரோடுதான். எதிலிருந்து எவ்வளவு தண்ணீரை எப்போது இறக்குவது, இறக்கிய தண்ணீரை என்ன செய்வது என்பதைத்தான் சிலாபத்துக்குப் பக்கத்திலுள்ள முன்னேஸ்வரத்தில் மாமியிடம் நான் படித்தேன்.

மாமி எனக்குச் சொந்தம் இல்லை. எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் அவர் மாமி. சைப்பிரஸ் தீவில், லிமசோல் நகரத்தில், வயதான ஒரு தம்பதியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பல வருடங்கள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். இலங்கையிலிருந்து வீட்டு வேலைக்காக அந்தத் தீவுக்குப் போன பெண்கள் நிறையப் பேர். பணம் அனுப்பிய கதைதான் அவர்களைப் பற்றி ஊரில் பேசப்படும். அங்கே அவர்கள் கற்றுக்கொண்ட கைவேலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மாமி அந்த வீட்டுச் சமையலறையில் கற்றது தலத்தூரி. கிரேக்கர்கள் ட்சட்சிகி என்று சொல்வதன் சைப்பிரஸ் வடிவம் அது. வடித்த தயிர், துருவிய வெள்ளரிக்காய், உள்ளி, ஒலிவ் எண்ணெய் எல்லாம் இரண்டுக்கும் பொது. கிரேக்கத்தில் பெரும்பாலும் சதகுப்பை இலை போடுவார்கள், சைப்பிரஸில் காய்ந்த புதினா. துருக்கியர்கள் இதே உறவில் ஜாஜிக் என்று ஒன்று செய்கிறார்கள். அது இன்னும் இளக்கமானது, கரண்டியால் அள்ளிக் குடிக்கலாம்.

நம் வெள்ளரிக்காய்ப் பச்சடியும் இந்தக் குடும்பம்தான். ஆனால் பச்சடி தண்ணீருக்குப் பயப்படுவதில்லை. சோற்றோடு சேரப்போகிற பொருள், கொஞ்சம் ஓடினால் சோறு குடித்துக்கொள்ளும். ரொட்டியிலோ பாணிலோ நிற்க வேண்டியதற்கு அந்தச் சலுகை இல்லை. கற்பிட்டியில் மே முதல் ஒக்டோபர் வரை காற்றுக் காலம். பட்டம் கட்டிக் கடலில் சறுக்கி விளையாட வெளிநாட்டுக்காரர் வரும் அந்த மாதங்களில் அங்குள்ள சின்ன விடுதிகள் சில மாமியிடம் தலத்தூரியை வாங்குகின்றன. உதவிக்கு ஆள் வேண்டும் என்று அவர் கேட்டபோது நான் போய்ச் சேர்ந்தேன்.

முதலில் என்னைப் பாலில்தான் நிறுத்தினார். எருமைப் பால் ஆனமடுப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் வரும். பசுப்பாலில் கொழுப்பு நூற்றுக்கு மூன்றரை, நாலு பங்கு என்றால் எருமைப் பாலில் ஏழு பங்குக்குக் குறையாது. புரதமும் கூட. 100 கிராம் பசுப்பாலில் கல்சியம் ஏறக்குறைய 113 மில்லிகிராம், எருமைப் பாலில் 169. தண்ணீர் போக மிஞ்சுகிற சத்து பசுப்பாலில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு. எருமைப் பாலில் பதினாறு, பதினேழு. கிரேக்கர்கள் துணியில் கட்டித் தொங்கவிட்டுப் பெறுகிற கட்டியில் ஒரு பகுதியை எருமை தன் மடியிலேயே தந்துவிடுகிறது. மாமி லிமசோலில் இருந்தபோதே இதை யோசித்து வைத்திருந்தாராம்.

பால் பொங்கி வந்ததும் இறக்கிவிட விடமாட்டார். நெருப்பைத் தணித்து, அகப்பையால் கிண்டிக்கொண்டே இன்னும் கொஞ்ச நேரம் வைக்கச் சொல்வார். கிருமி சாவதற்கு மட்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். 85 பாகைக்கு மேல் பால் சற்று நின்றால் அதிலுள்ள மோர்ப்புரதங்கள் குலைந்து கேசீனோடு ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டிய வலைதான் பிறகு தண்ணீரைப் பிடித்து வைக்கும். வெறுமனே கொதி கண்டு இறக்கிய பாலில் உறைந்த தயிர், கரண்டி பட்டதும் தண்ணீர் விடும்.

பிறகு ஆற வேண்டும். உறைமோரில் உள்ள நுண்ணுயிர்களுக்குப் பிடித்த சூடு 42, 43 பாகை. மாமி வெப்பமானி வைத்திருக்கிறார், ஆனால் விரலைத்தான் நம்புவார். சுண்டுவிரலை வைத்துப் பத்து எண்ணும்வரை பொறுக்க முடிந்தால் சரி. நான் இரண்டையும் ஒன்றாகப் பார்த்துப் பழகினேன். விரல் சொல்வதும் கருவி சொல்வதும் பெரும்பாலும் ஒத்துப்போகும். மழைக்காலத்தில் விரல் கொஞ்சம் ஏமாற்றும், அப்போது கருவி நல்லது. ஒரு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி உறை. கூட விட்டால் சீக்கிரம் உறையும், ஆனால் புளித்துப் பொருபொருத்துப் போகும்.

தயிர்ச் சட்டியைப் பற்றி மாமியிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பளபளப்புப் பூச்சு இல்லாத வெறும் மண் சட்டிதான் வேண்டும். கழுவி நல்ல வெயிலில் காய வைத்த பிறகே பால் ஊற்றலாம். காய்ந்த மண் தயிரின் நீரை உறிஞ்சும், அந்த நீர் வெளிப்புறத்தில் ஆவியாகும்போது சட்டி குளிரும். வடிப்பதும் குளிர்விப்பதும் ஒரே பாத்திரத்தில் நடக்கின்றன. இந்த நாட்டில் எருமைத் தயிரைச் சட்டியோடு விற்பதற்கு இதைவிடக் காரணம் தேட வேண்டியதில்லை. ஒருமுறை தயிர் குடித்த சட்டியை மறுபடி தயிருக்கு எடுக்கமாட்டார். துளைகளில் பழைய புளிப்பு தங்கும் என்பதால் அது பூங்கன்றுக்குப் போய்விடும்.

சட்டித் தயிரானாலும் தொடுகறிக்கு ஒருதரம் துணியில் வடிக்க வேண்டும். பசுத்தயிர் என்றால் ஓர் இரவு. எருமைத் தயிருக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் போதும். மெல்லிய வெள்ளைத் துணியை வெந்நீரில் அலசி, தயிரை வைத்து முடிந்து, வடிதட்டில் வைத்துப் பிரிட்ஜுக்குள் தள்ளுவோம். வெளியே கட்டித் தொங்கவிட்டால் எங்கள் கரையோர வெக்கையில் வடிவதற்குள் புளித்துவிடும். மூட்டையை அமுக்கிச் சீக்கிரம் முடிக்கக் கை துறுதுறுக்கும். மாமி விடமாட்டார். "மகள், தண்ணி தானா இறங்கட்டும். நீ பிழிஞ்சா தயிரும் சேர்ந்து வந்துரும்."

வடிப்பதால் சத்து கூடுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். முழுப்பாலில் செய்த சாதாரணத் தயிர் 100 கிராமில் புரதம் மூன்றரைக் கிராம். கிரேக்க முறையில் வடித்ததில் ஒன்பது கிராம் வரை வரும். பசியைத் தாங்கும் சக்தி அந்தப் புரதத்தில் இருக்கிறது. பாற்சர்க்கரையில் ஒரு பகுதியை உறைமோர் நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன, இன்னொரு பகுதி வடிநீரோடு போகிறது. பால் குடித்தால் வயிறு ஊதுகிறது என்பவர்களில் பலருக்கு இது ஒத்துக்கொள்வது அதனால்தான். ஆனால் கல்சியத்திலும் ஒரு பங்கு வடிநீரில் இறங்கிவிடும். சாதாரணத் தயிரில் 121 மில்லிகிராம் என்றால், மூன்று மடங்கு இறுகிய வடிதயிரில் அது மூன்று மடங்காவதில்லை, 100 அளவில்தான் நிற்கிறது. அதிகம் வடிக்கத் தேவையில்லாத எருமைத் தயிருக்கு இங்கே ஒரு மேன்மை உண்டு. கொழுப்பு அதில் கூட என்பதையும் மறைக்கக் கூடாது. இதய வருத்தம் உள்ளவர்கள் கேட்டால் மாமி பசுத்தயிரில் செய்துகொடுப்பார், அல்லது ஆடையை வழித்துவிடுவார்.

வடிநீரை வீசுவது அந்த வீட்டில் நடக்காது. இளம் மஞ்சள் பச்சையாக, கண்ணாடி போல் இருக்கும். ரொட்டி மாவை அதில்தான் பிசைவோம். குரக்கன் ரொட்டிக்கு அந்தப் புளிப்பு மிகப் பொருத்தம், மறுநாளும் ரொட்டி வறண்டு போவதில்லை. பருப்புக்குக் கொஞ்சம், உப்பும் இஞ்சியும் தட்டிப் போட்டுக் குடிக்கக் கொஞ்சம். மிஞ்சியதை நிறையத் தண்ணீர் கலந்து வாழைக்கு விடலாம். கானிலோ குளத்திலோ கொட்டினால் அழுகும்போது நீரிலுள்ள ஒட்சிசனைத் தின்றுவிடும். தயிர்த் தொழில் பெருத்த நாடுகளில் இந்த வடிநீர் ஒரு பெரிய தலைவலியாக இருக்கிறது. அடுப்பங்கரை அளவில் அதற்கு வழி இருக்கிறது.

இனி வெள்ளரிக்காய். காம்புப் பக்கத்தை வெட்டி முதலில் நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். குக்கர்பிடசின் என்ற கசப்புப் பொருள் காம்பை அண்டியும் தோலை அண்டியும் சேர்கிறது, தண்ணீர் காணாமல் வாடிய கொடியில் கூடுதலாக. கசப்பு போகட்டும் என்று, வெட்டிய துண்டால் காயின் வெட்டுமுகத்தைத் தேய்த்து நுரை எடுக்கும் வழக்கத்தை மாமி இன்னும் விடவில்லை. நான் தேய்ப்பதில்லை, ருசி பார்க்கிறேன். கசந்த காய் ஒன்று கலந்தாலும் முழுச் சட்டியும் கெடும்.

நீளவாக்கில் பிளந்து, கரண்டியால் விதைச் சோற்றை வழித்தெடுப்போம். காயில் ஈரம் அதிகமுள்ள இடம் அதுதான். தோலை முழுக்கச் சீவமாட்டோம். பச்சை நிறமும், விற்றமின் கேயில் பெரும் பங்கும் தோலில் இருக்கின்றன. துருவியதும் அரைக் கிலோவுக்குத் தட்டையாக ஒரு தேக்கரண்டி புத்தளம் உப்பு. மாவட்டத் தலைநகரில் உப்பளங்கள் இருக்க வேறு உப்புக்கு எங்கே போவது? உப்பு வெளியில் நிற்க, உயிரணுக்களுக்குள் இருக்கும் நீர் தானாக வெளியே வரும். அரை மணித்தியாலத்தில் துருவல் தன் நீரிலேயே மிதக்கும். அதைக் குளிர்ந்த தண்ணீரில் ஒருதரம் அலசித்தான் பிழிய வேண்டும். தயிரிடம் காட்டும் பொறுமை இங்கே வேண்டாம். கை வலிக்கும்வரை பிழியலாம்.

அந்த அலசலை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டி உப்பே அவ்வளவு வந்துவிடும். கருவாடும் ஊறுகாயும் தினம் புழங்குகிற கரையோர வீடுகளில் தொடுகறியும் உப்பைச் சுமக்க வேண்டாம். அலசிப் பிழிந்தால் போட்ட உப்பில் நல்ல பங்கு போய்விடும். கடைசியில் ருசி பார்த்து ஒரு சிட்டிகை சேர்த்தால் போதும்.

எண்ணெயில்தான் எங்கள் ஊர் எங்களைச் சோதித்தது. சிலாபம் தென்னை நாடு. ஒலிவ் எண்ணெய் விலைக்கு நல்ல தேங்காய் எண்ணெய் எத்தனையோ போத்தல் வாங்கலாம். ஆனால் தேங்காய் எண்ணெய் 24 பாகை அளவில் உறைந்துவிடும். பிரிட்ஜில் வைத்த தயிரில் அது வெள்ளை மணல் போலக் கட்டிப்பட்டு நாக்கில் நெருடும். நல்லெண்ணெய் குளிரிலும் இளகியே இருக்கும். வாசனை முந்திக்கொள்ளாத அளவுக்குச் சில துளி போதும். விடுதிகளுக்கு மட்டும் ஒலிவ். தென்னை வேறு வழியில் உள்ளே வந்துவிட்டது. கிரேக்கர்கள் விடும் திராட்சை வினாகிரிக்குப் பதில் நாங்கள் தென்னங்கள்ளு வினாகிரி விடுகிறோம். புளிப்பு மெல்லியது, தயிரின் புளிப்போடு சண்டை பிடிப்பதில்லை.

உள்ளியை அம்மியில் உப்போடு வைத்து வெண்ணெய்ப் பதத்துக்கு அரைக்க வேண்டும். நறுக்கிப் போட்டால் ஒருவர் வாயில் எதுவும் இல்லாமலும் இன்னொருவர் வாயில் நெருப்பாகவும் போய் விழும். புதினாவை வெயிலில் வைத்தால் கறுக்கும், நிழலில் காயவைத்து உள்ளங்கையில் கசக்கித் தூவுவோம். எல்லாவற்றையும் மரக்கரண்டியால் மெதுவாகப் புரட்டிக் கலக்க வேண்டும். அடித்தால் வலை உடைந்து இளகும்.

முன்னேஸ்வரம் கோயிலில் ஆவணித் திருவிழா வந்தால் எங்கள் முறை மாறும். முன்னைநாதரையும் வடிவாம்பிகை அம்மனையும் தரிசிக்கச் சைவர்களோடு சிங்களவர்களும் வந்து நிறைவார்கள். போர்த்துக்கேயர் 1578இல் இடித்த பிறகும் மறுபடி எழுந்த கோயில். கொடியேறிய நாள் முதல் மாமி வீட்டில் உள்ளி இல்லை, வினாகிரியும் இல்லை. இஞ்சி, பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி, புதினா. வெள்ளரிக்காயைப் பிழியாமல் போட்டு, தயிரை வடிக்காமல் கடைந்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தால் பச்சடியாகச் சோற்றுக்குப் போகும். இன்னும் தண்ணீர் விட்டால் வெயிலில் நடந்து வருகிறவர்களுக்கு மோர். உப்பும் நீரும் பொட்டாசியமும் வியர்வையில் போனதை ஈடு கட்டும். ஒரே பொருட்களைத் தண்ணீரைக் கூட்டியும் குறைத்தும் இத்தனை பேருக்குக் கொடுக்க முடிகிறதே என்று எனக்கு அந்த நாட்களில் உண்மையான சந்தோசம்.

மற்ற நாட்களில் தொடுகறி எங்கெல்லாம் போகிறது என்பதும் ஒரு படிப்பு. பள்ளிப் பிள்ளைகளின் பாணுக்கு மாஜரீனுக்குப் பதிலாக. அவித்த மரவள்ளிக்கு. தேங்காய் ரொட்டிக்கு. பொரித்த மீனுக்குப் பக்கத்தில், மயோனைஸ் இருக்கும் இடத்தில். மயோனைஸ் 100 கிராமில் 680 கலோரி வரை உண்டு. வடித்த முழுப்பால் தயிரில் 97, வெள்ளரியில் 15, ஆகவே எருமைத் தயிரின் கூடுதல் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டாலும் பெரிய வித்தியாசம். அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது இது. நம்மூரில் எருமைத் தயிர் என்றதும் கித்துள் பாணியைத் தேடுகிறோம், கடைத் தயிர்க் கோப்பையும் சீனி போட்டே வருகிறது. நீரிழிவு உள்ளவர் தயிரையே விட்டுவிடுகிறார். உப்பும் உள்ளியுமாக அதே தயிர் அவர் தட்டுக்குத் திரும்பி வரலாம். எங்கள் ஒழுங்கையில் அப்படித் திரும்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

தொடுகறியைச் சூடாக்கக் கூடாது, நுண்ணுயிர்கள் செத்துவிடும். கறிக்குள் போடுவதானால் அடுப்பை அணைத்த பிறகு. பிரிட்ஜில் இரண்டு நாள், கூடினால் மூன்று. அதற்குப் பிறகு எவ்வளவு பிழிந்த வெள்ளரியும் மெல்ல மெல்ல நீர் விட ஆரம்பிக்கும். அதனால் விடுதிகளுக்கு நாங்கள் தயிரையும் பிழிந்த துருவலையும் தனித்தனிப் பெட்டிகளில் அனுப்புகிறோம். பரிமாறும் நேரத்தில் கலக்க வேண்டும் என்று மூடியில் மூன்று மொழியிலும் எழுதி ஒட்டுவது இப்போது என் வேலை. உறை விடுவதை மாமி இன்னும் தன் கையிலேயே வைத்திருக்கிறார். அடுத்த காற்றுக் காலம் தொடங்கும் முன் அதையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.