படிப்பதற்கான படி

தமிழில் ‘படி’ என்னும் சொல் பல பொருள் தரும். ஏறும் படி, நெல் அளக்கும் படி, நூலின் படி, மாணவனை நோக்கி ஆசிரியர் கூறும் ‘படி’ என்னும் ஏவல் ஆகியவற்றைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அலுவலகங்களில் வழங்கும் பயணப்படி, பஞ்சப்படி ஆகியவற்றில் உள்ள படியை, கூலி நெல்லாக அளக்கப்பெற்ற காலத்து வழக்கின் எச்சமாகக் கொள்ள இடமுண்டு. ‘படி’ என்று ஏவும் முதலாளி, அதற்குரிய படியையும் அளத்தல் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு மிகுதியாக இல்லை. எவரும் ஏவாமல், தன் தொழிலில் மேம்பட வேண்டுமெனத் தானே முன்வந்து பயிற்சிக்குச் செல்பவனுடைய பேருந்துக் கட்டணத்தையும், வெளியூராயின் தங்கும் செலவையும் ஏற்க வேண்டியவர் யார் என்று கேட்டால்தான் விடை எளிதில் கிடைப்பதில்லை.

கல்விக்காக ஊர்விட்டுச் செல்வது தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் பிரிவுக்குரிய காரணங்களை எண்ணுமிடத்து ஓதலை முதலில் வைத்தார்; அப்பிரிவு மூன்றாண்டினைக் கடவாது என எல்லையும் வகுத்தார். செல்பவன் வழியில் எதை உண்டான், எங்கே உறங்கினான் என்பது இலக்கணத்தின் கவலையன்று. அக்கவலையைக் கல்வெட்டுகளில் காணலாம். முதலாம் இராசேந்திர சோழன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, அவ்வூர்க் கல்லூரியில் பயின்ற இளைய மாணவர்க்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல்லும், மேல்நிலை மாணவர்க்குக் குருணி இருநாழி நெல்லும் வகுத்துரைக்கின்றது. பாலாற்றங்கரைத் திருமுக்கூடல் கல்வெட்டோ இன்னும் நுணுக்கமானது. மாணவர்க்கு உணவு, படுக்கப் பாய், சனிக்கிழமை நீராட எண்ணெய், இரவில் விளக்கெரிக்க எண்ணெய் என ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். அங்குப் பயின்றோர் வேதம் ஓதிய ஒரு சாராரே என்பதையும், வயலில் நெல் விளைவித்தவர்களுக்கு அக்கதவு திறக்கவில்லை என்பதையும் மறைத்துப் பெருமை பேசுதல் தகாது. ஆயினும், பாடம் சொல்லிக் கொடுப்பதோடு கொடை முடிவதில்லை, பாயும் விளக்கெண்ணெயும் கல்விச் செலவே என்னும் தெளிவு பதினோராம் நூற்றாண்டிலேயே இருந்தது என்பது நினைக்கத்தக்கது.

அந்தத் தெளிவு இன்றைய சிங்கப்பூரில் எந்த அளவில் உள்ளது என்று பார்ப்போம்.

தொழிற்பயிற்சிக்குப் பொதுநிதி திரட்டுவதில் சிங்கப்பூர் பிற நாடுகளுக்கு வழிகாட்டியாக விளங்குகின்றது என்றால் அது புகழுரையாகாது. 1979ஆம் ஆண்டில் திறன் மேம்பாட்டுத் தீர்வைச் சட்டம் இயற்றப்பெற்றது. ஒவ்வொரு முதலாளியும் ஊழியர்தம் ஊதியத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுநிதிக்குச் செலுத்துதல் வேண்டும். இன்று அப்பங்கு மாத ஊதியத்தின் முதல் 4,500 வெள்ளியில் 0.25 விழுக்காடு, ஓர் ஊழியருக்கு மிகக் குறைந்தது 2 வெள்ளி, மிகக் கூடியது 11 வெள்ளி 25 காசு. இதன் பின்னணியில் உள்ள எண்ணம் போற்றத்தக்கது. பயிற்சி பெற்ற ஊழியன் மறுநாளே அண்டை நிறுவனத்துக்குப் போய்விட்டால் என்செய்வது என்னும் அச்சமே முதலாளிகளைக் கைகட்ட வைக்கிறது. எல்லோரும் ஒரு பானையில் அரிசியிட்டால், எவர் இலையில் சோறு விழுந்தாலும் பெரிய இழப்பில்லை.

1983இல் தொடங்கிய ‘பெஸ்ட்’ என்னும் அடிப்படைக் கல்வித் திட்டம், ஆங்கிலமும் கணக்கும் அறியாத தொழிலாளர்களை மீண்டும் பாடநூலின்முன் அமர்த்தியது. பகலெல்லாம் எந்திரத்தின்முன் நின்றவர்கள் மாலையில் பின்னக் கணக்குப் பயின்றார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் திட்டங்களின் பெயர்கள் மாறின, தொகைகள் பெருகின. 2016 தொடங்கி, 25 வயது நிறைந்த குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் ‘ஸ்கில்ஸ்ஃபியூச்சர்’ கணக்கில் 500 வெள்ளி வைக்கப்பெற்றது. 2024இல் 40 வயதைக் கடந்தோர்க்கு மேலும் 4,000 வெள்ளி சேர்க்கப்பெற்றது.

இத்தொகைகள் யாவும் பயிற்சிக் கட்டணத்துக்கே உரியவை என்பதைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். பயிற்சி நிலையத்துக்குச் செல்லும் பேருந்துக்கோ, இடைவேளையில் குடிக்கும் தேநீருக்கோ, வெளிநாட்டில் தங்கும் அறைக்கோ அதிலிருந்து ஒரு காசும் எடுக்க முடியாது. நிறுவனமே முன்னின்று தன் ஊழியரை அனுப்பினால், அவர் வேலைக்கு வராத நேரத்துக்கு ஈடாக மணிக்கு 4 வெள்ளி 50 காசு என அந்நிறுவனத்துக்கு உதவித்தொகை உண்டு. தானே விரும்பிச் செல்பவருக்கு அத்தகைய ஈடு இல்லை. முதலாளி அனுப்பினால் முதலாளிக்குப் படி கிடைக்கிறது. ஊழியன் தானே போனால் ஊழியனுக்குப் படி இல்லை. தன்முயற்சியைப் பாராட்டும் நாட்டில் இது சற்று விந்தையாகவே தோன்றும்.

‘ஒரு நாளில் எம்மருங்கும் போய்த் திரும்பக்கூடிய சிறு தீவில் பயணச் செலவு ஒரு பொருட்டா?’ எனச் சிலர் வினவலாம். நடுத்தர வருவாய் உடையோர்க்கு அது பொருட்டன்று. தமிழாசிரியர்களையே எடுத்துக்கொள்வோம். சான்றிதழோடு பணியில் சேர்ந்து, பின்னர்ப் பட்டம் பெற விழைந்த ஆசிரியர்கள் அக்காலத்தில் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் அஞ்சல்வழிக் கல்வியை நாடினர். மாலையில் விடைத்தாள் திருத்திய பின் தம் பாடத்தை விரித்து வைத்துப் படித்தனர். இப்பொழுது கிளமெண்டியில் உள்ள சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழி, இலக்கியப் பட்டப்படிப்பை மாலை வேளையில் பயில முடிகின்றது. பீட்டி சாலையிலுள்ள உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் பயிலரங்கை நாடிச் செல்லும் ஆசிரியர், வரும் வழியில் தேக்காவில் இறங்கிக் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறார். அவர் அதைச் செலவாகவே எண்ணுவதில்லை. தமிழாராய்ச்சி மாநாட்டுக்கோ தமிழாசிரியர் மாநாட்டுக்கோ வெளிநாடு செல்லும்போதுதான் விமானக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் கண்ணை உறுத்துகின்றன. திரும்பி வந்த ஆசிரியர் அங்குக் கற்றதை எந்த வகுப்பறையில் செலவிடுகிறார்? தம் பள்ளியின் வகுப்பறையில்தான். அப்பயனைப் பள்ளி மகிழ்வோடு ஏற்றுக்கொள்கிறது. பற்றுச்சீட்டை நீட்டினால் மட்டும், ‘நீங்கள் விரும்பித்தானே போனீர்கள்’ என்னும் விடை எங்கும் எளிதாக வந்துவிடுகிறது.

ஆசிரியரேனும் தாங்கிக்கொள்வார். இச்சிக்கலின் கூர்முனையைக் காண விரும்புவோர் ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலைக்குச் செல்லுதல் வேண்டும். தீவின் ஓரங்களிலுள்ள தங்குவிடுதிகளிலிருந்து வந்த தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் கடைவீதியில் நிறைந்திருப்பர். பணம் அனுப்புவதும், ஊர்க்காரரைக் காண்பதும், வாழையிலையில் ஒருவேளை உண்பதும் அவர்களுடைய ஓய்வுநாளின் இன்பங்கள். அவ்வின்பங்களைத் துறந்து வகுப்புக்குச் செல்வோரும் உளர். குழாய் பொருத்துதல், மின்கம்பி இணைத்தல், ஆங்கிலம், பணியிடப் பாதுகாப்பு என அவர்கள் பயில்பவை பல.

அத்தகைய ஒருவரை மனத்தில் கொண்டு கணக்குப் பார்ப்போம். அவர் சிங்கப்பூருக்கு வருமுன்னரே தமிழ்நாட்டிலுள்ள தேர்வு நிலையத்தில் கட்டுமானத் திறன் தேர்வு எழுதித் தேறியிருப்பார். அதற்கான பயிற்சிக் கட்டணமும், பயிற்சிக் காலத்தில் தங்கிய செலவும் பெரும்பாலும் வட்டிக்கு வாங்கிய கடனே. அப்போது அவருக்கு முதலாளி என ஒருவர் இல்லை. ஆகவே ஈடு கேட்பதற்கும் ஆளில்லை. இங்கு வந்து சில ஆண்டுகள் உழைத்தபின், உயர்திறன் ஊழியர் நிலைக்கு உயர அவர் முயல்கிறார். கட்டுமானத் துறையில் அடிப்படைத் திறன் கொண்ட வெளிநாட்டு ஊழியர் ஒருவருக்கு முதலாளி செலுத்தும் மாதத் தீர்வை, 2024 சனவரியிலிருந்து 900 வெள்ளி. உயர்திறன் பெற்றவருக்கு 500 வெள்ளி. அவர் தேர்வில் வென்று அந்நிலையை எய்தினால் முதலாளிக்கு மாதம் 400 வெள்ளி, ஆண்டுக்கு 4,800 வெள்ளி மிச்சமாகும்.

மறுபுறம், விடுதியிலிருந்து வகுப்புக்குப் போக வர ஏறத்தாழ ஐந்து வெள்ளியும், நண்பகல் உணவுக்கு ஐந்து வெள்ளியும் ஆகும் எனக் கொள்வோம். வகுப்பு இருபது ஞாயிறு நீண்டால் மொத்தம் 200 வெள்ளி. முதலாளிக்கு முதல் மாதத்தின் முற்பாதியிலேயே மிஞ்சிவிடும் தொகை இது. தொழிலாளிக்கோ ஊருக்கு அனுப்பும் பணத்தில் விழும் துண்டு. மனமுவந்து இதனை ஈடுசெய்யும் முதலாளிகளும், ஊதியத்தையும் உயர்த்தும் முதலாளிகளும் இல்லாமலில்லை. ஆனால் கொடுப்பவர் விருப்பத்தால் கிடைப்பதைத் தொழிலாளி நம்பியிருக்க இயலாது. கேட்கவும் கூசுவார், ஏனெனில் அவருடைய வேலை அனுமதியே அந்த முதலாளியோடு பிணைந்தது.

‘விருப்பம்’ என்னும் சொல்லைச் சட்டம் நன்கு அறியும். சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டம் ஓய்வுநாளில் வேலை செய்வதற்கு இருவகை ஊதியம் வகுத்துள்ளது. தொழிலாளியின் வேண்டுகோளின்பேரில் அரைநாள் வரை வேலை நடந்தால் அரைநாள் ஊதியம்; முதலாளியின் வேண்டுகோளின்பேரில் நடந்தால் ஒருநாள் ஊதியம். அரைநாளுக்கு மேற்பட்டால் முறையே ஒருநாளும் இருநாளும் ஆகும். செய்யும் வேலை ஒன்றே. கேட்டவர் யார் என்பதைக் கொண்டு விலை இரட்டிக்கிறது. ஆயினும் தொழிலாளியே கேட்டுச் செய்த வேலைக்கும் சட்டம் வெறுங்கையைக் காட்டவில்லை என்பது உற்றுநோக்கத்தக்கது. வேலை முதலாளிக்குப் பயன்படுவதால் அரைக்கூலியாவது உண்டு. பயிற்சிக்கு அந்த அரைப்பங்குமுறை ஏன் பொருந்தாது என்பதற்குத் தக்க விடை எளிதில் அகப்படவில்லை.

உண்மையான விருப்பம் எது என ஆய்வதில் அமெரிக்க நாட்டு விதி பயனுள்ளது. அங்கே பயிற்சி நேரம் ஊதியத்துக்குரிய நேரமாகாமல் இருக்க நான்கு நிபந்தனைகளும் ஒருங்கே நிறைதல் வேண்டும்: வேலை நேரத்துக்குப் புறம்பாக நடத்தல், வருகை மெய்யாகவே விருப்பத்தின்பாற்பட்டிருத்தல், பயிற்சி அவருடைய வேலையோடு நேரே தொடர்புறாதிருத்தல், பயிற்சியின்போது உற்பத்தி வேலை எதுவும் செய்யாதிருத்தல். வராவிட்டால் வேலைக்கு ஊறு நேரும் என ஊழியர் நம்பும்படி செய்துவிட்டால், அது விருப்பம் ஆகாது எனவும் அவ்விதி கூறும். இது நேரத்துக்கான ஊதியம் பற்றிய விதியே, பயணச் செலவு பற்றியதன்று. எனினும் ‘விருப்பம்’ என்னும் போர்வையை விலக்கிப் பார்க்கும் முறை அதில் உண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1974ஆம் ஆண்டிலேயே ஊதியத்துடன் கூடிய கல்வி விடுப்புக்கு ஓர் உடன்படிக்கை வகுத்தது. அதனோடு வந்த பரிந்துரை, ஊதியம் குறையாமல் காப்பதோடு, கற்பதால் வரும் பெரிய கூடுதல் செலவுகளையும் கருதுமாறு கூறுகின்றது.

முதலாளி தரப்பு நியாயத்தையும் புறக்கணித்தல் ஆகாது. ஊழியர் கேட்கும் பயணம் ஒவ்வொன்றுக்கும் பணம் கொடுத்தால், வேலைக்கு ஒவ்வாத பயிற்சிகளின் பெயரால் உலாச் செல்வோரும் தோன்றுவர். சமையற்கலை கற்க விரும்பும் கணக்கருக்குக் கணக்கு நிறுவனம் விடுதி வாடகை கொடுக்க வேண்டியதில்லை. முன்கூட்டியே ஒப்புதல் பெறுதல், பயிற்சியை முடித்தமைக்குச் சான்று காட்டல், பற்றுச்சீட்டு வைத்தல், தொகைக்கு ஒரு மேல்வரம்பு ஆகியவை கேட்கத்தக்க நிபந்தனைகளே. ஆயிரக்கணக்கில் செலவிட்டு வெளிநாட்டுக்கு அனுப்பிய ஊழியர் சில காலம் பணியில் நிற்றல் வேண்டுமெனப் பிணைக்காலம் கேட்பதும் முறையே. ஐந்து வெள்ளிப் பேருந்துக் கட்டணத்துக்குப் பிணை கேட்பது முறையாகாது.

அரசு இதனை உணரத் தொடங்கியுள்ளது எனலாம். 40 வயதைக் கடந்த குடிமக்கள் முழுநேரப் பயிற்சிக்குச் செல்லும்போது, வருவாயில் பாதியளவு, மாதம் 3,000 வெள்ளிக்கு மிகாமல், 2025 முதல் படி பெறுகின்றனர். பகுதிநேரப் பயிற்சிக்குச் செல்வோர்க்கும் மாதம் 300 வெள்ளி தரப்படும் என 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பெற்றது. பயிற்சியையொட்டி எழும் சில்லறைச் செலவுகளுக்கென்றே அத்தொகை வகுக்கப்பெற்றது. திருமுக்கூடலின் பாயும் விளக்கெண்ணெயும் வேறு உருவில் திரும்பி வந்துள்ளன. குடியுரிமை இல்லாத தொழிலாளிக்கு அவை எட்டவில்லை. அவர் பொருட்டும் முதலாளி திறன் மேம்பாட்டுத் தீர்வை செலுத்தி வருகிறார் என்றாலும், அவருடைய ஞாயிற்றுக்கிழமைப் பயணம் அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

இதற்குச் சில இடங்களில் எளிய வழி ஒன்று கண்டிருக்கிறார்கள். தொழிலாளி வகுப்பைத் தேடிச் செல்லாமல், வகுப்பு தொழிலாளியைத் தேடித் தங்குவிடுதிக்கே வருகிறது. உணவுக்கூடத்து மேசைகளை ஒதுக்கி வைத்தால் கரும்பலகைக்கு இடம் கிடைக்கும். ஆசிரியர் ஒருவருடைய பேருந்துக் கட்டணத்தோடு முப்பது பேருடைய கட்டணம் மிச்சமாகும். மாணவர்கள் நண்பகல் உணவைத் தம் தட்டிலேயே உண்பர். மின்னிணைப்பு, குழாய் வேலை ஆகியவற்றுக்குரிய கருவிகளை மட்டும் விடுதிக்குக் கொண்டுவர இயலாது. அந்தச் செய்முறை வகுப்புகளுக்காவது நிறுவனத்தின் லாரியோ பேருந்தோ ஞாயிறு காலையில் விடுதி வாயிலுக்கு வந்து நிற்கலாம். வாரத்தில் ஆறு நாள் வேலைத்தளத்துக்கு ஏற்றிச் செல்லும் வண்டிதானே அது.