ரேஸ் கோர்ஸ் ரோட்டில் பந்தயம் எங்கே?

தேக்காவில் மீன்தலைக் கறி சாப்பிட ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் போகாத தமிழ்க் குடும்பம் சிங்கப்பூரில் அபூர்வம். சாப்பிட்டு முடித்து வாழையிலையை மடிக்கும்போது என்றாவது யோசித்திருக்கிறீர்களா, தெருப் பெயரில் இருக்கும் அந்தப் பந்தயம் எங்கே போனது என்று?

அதே தெருவில் வடக்கே நடந்து, ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையத்தைத் தாண்டி டோர்செட் ரோடு பக்கம் போய்ப் பாருங்கள். 1843ல் முதல் குதிரைப் பந்தயம் நடந்த நிலம் இதுதான். 1919 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்த ராஸ் ஸ்மித்தின் விமானம் இறங்கியதும் இங்கேதான். 1933ல் குதிரைகள் புக்கிட் தீமாவுக்குப் போயின, பிறகு கிராஞ்சிக்கு. 2024 அக்டோபரில் அங்கும் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்துவிட்டது.

குதிரைகள் போன இடத்தில் மனிதர்கள் ஓடத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் காற்பந்து, இன்னொரு பக்கம் ஹாக்கி, நடுவில் ஓட்டப் பயிற்சி என்று சாயங்காலமானால் ஃபேரர் பார்க் களைகட்டும். இங்கே பயிற்சி செய்தவர்களில் ஒருவர் சி. குணாளன். 1966 ஆசிய விளையாட்டுகளில் 100 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றவர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அவர் ஓடிய 10.38 விநாடி, தேசிய சாதனையாக 33 ஆண்டுகள் நிலைத்தது. 2001ல் யு.கே. ஷியாம் அதை முறியடித்தபோது வித்தியாசம் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்குதான்! 1973 தீபகற்ப விளையாட்டுகளில் 200 மீட்டர் தங்கம் வென்ற குளோரி பர்னபாஸும் இந்தத் திடலில் ஓடியவரே.

2023ல் சாந்தி பெரேரா ஹாங்ஜோவில் 200 மீட்டர் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டுகளில் 49 ஆண்டுகளுக்குப் பிறகு சிங்கப்பூருக்குக் கிடைத்த திடல்தடத் தங்கம் அது. அன்று நாமெல்லாம் கைதட்டினோம். அடுத்த சாந்தி எங்கே ஓடிப் பழகுவாள் என்பதையும் கேட்க வேண்டும் அல்லவா?

ஃபேரர் பார்க் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. இங்கே ஏறத்தாழ 1,600 வீவக வீடுகள் வரும் என்று 2022ல் அறிவிக்கப்பட்டது. பல விளையாட்டுகளுக்கான திடல் ஒன்றும், பழைய குத்துச்சண்டைக் கூடமும் திட்டத்தில் இருக்கின்றன. நகரத்துக்குப் பக்கத்தில் வீடு கிடைக்காதா என்று காத்திருக்கும் இளம் தம்பதிகளில் என் நண்பர்களும் உண்டு. அவர்களிடம் போய் வீடு வேண்டாம், புல்தான் வேண்டும் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் ஒன்று. வெறும் புல்திடலுக்கு ஒரு வசதி உண்டு: எந்த விளையாட்டு வந்தாலும் இடம் கொடுக்கும். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கக் காற்பந்தின் எளிய வடிவமான ‘ஃபிளாக் ஃபுட்பால்’ அறிமுகமாகிறது. அணிக்கு ஐந்து பேர். முட்டி மோதுவது இல்லை, தலைக்கவசம் தேவையில்லை. பந்தோடு ஓடுபவரின் இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையை உருவினால் ஆட்டம் அந்த இடத்தில் நிற்கும். ஒரு பந்து, சில பட்டைகள், ஓட இடம், அவ்வளவுதான் செலவு. இதிலும் ஜெயிப்பது வேகமான கால்கள்தான். தேக்காவில் வளரும் பிள்ளைகளுக்கு இது ஒத்துவராதா என்ன?

அதனால் என் ஆசை சின்னது. புதிய திடல் எவ்வளவு அழகாக வந்தாலும், முன்பதிவும் கட்டணமும் இல்லாமல் யாரும் நுழையக்கூடிய சில மணி நேரங்கள் அதற்கு இருக்க வேண்டும். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கும், ஞாயிறு விடுப்பில் தேக்காவுக்கு வரும் ஊழியருக்கும் அந்த நேரம் சொந்தமாக இருக்கட்டும்.

அடுத்த முறை மீன்தலைக் கறி சாப்பிட்டதும் உடனே வண்டி ஏறாதீர்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். குணாளனின் கதையைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.